தபால்பெட்டியில் குடியிருந்தவர்கள்

ஒஸ்லோவில், குரோருட்டில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் வாசற்கதவைத் திறந்தால் வலப்பக்கச் சுவரில் தபால்பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர், மிஞ்சினால் இரண்டு. நோர்வேயில் பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதம் போடமாட்டார். வீட்டுக்காரரே எதிரில் நின்று கையை நீட்டினாலும் யோசிப்பார். எங்கள் பெட்டி மட்டும் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த ஆள் மாதிரி நிற்கும். முகம் முழுக்கப் பிளாஸ்டர். ஒவ்வொரு பிளாஸ்டர் துண்டிலும் நீல மையில் ஒரு தமிழனின் பெயர்.

பெட்டி அக்காவினுடையது. வீடும் அவருடையதுதான். நான் அதில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவன். என் பெயர் பூட்டுக்குக் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆகவே அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. எழுதினால் ஒருவருக்கும் ஆளை விளங்காது.

பிளாஸ்டர் அவர் வேலை செய்த வயோதிபர் இல்லத்திலிருந்து வந்தது. காலாவதியான பெட்டியொன்றைக் குப்பையில் போடும்படி அங்கே அவரிடம் கொடுத்திருந்தார்கள். குப்பையில் போடுகிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது.

அந்தக் காலத்தில் ஒஸ்லோவுக்குப் புதிதாக வருகிற பெடியன்களுக்கு விலாசம் பெரிய பிரச்சினை. அறை வாடகைக்குத் தருகிறவர்கள் “பெட்டியிலை பேர் போடக்கூடாது” என்பார்கள். வங்கிக் கணக்குத் திறக்க விலாசம் வேணும், வேலைக்கு எழுதிப்போட விலாசம் வேணும். யாரோ ஒருவர் அக்காவைப் பற்றிச் சொல்லுவார். வந்து, கதவடியில் நின்று, தலையைச் சொறிவார்கள்.

“அக்கா, ஒரு கடிதம் வர இருக்கு. உங்கடை விலாசத்தைக் குடுக்கட்டே?”

“குடும், குடும். இது கேக்கிற விசயமே? பேரைச் சொல்லும்.”

அவ்வளவுதான். கத்தரிக்கோலும் பிளாஸ்டரும் வெளியில் வந்துவிடும். வந்தவர்கள் பிறகு வேலை எடுத்து, வீடு எடுத்து, சிலர் கனடா லண்டன் என்று பறந்தும் போனார்கள். தங்கள் பெயரைக் கிழித்துவிட்டுப் போக ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அக்காவும் கிழிக்கவில்லை. ஒருநாள் நான் கேட்டேன்.

“இவையிலை முக்கால்வாசிப் பேர் இஞ்சை இல்லைத்தானே அக்கா. கிழிச்சு எறிஞ்சால் என்ன?”

“உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரை ஆரும் கிழிப்பினமே? விடிய எழும்பி என்ன கதை கதைக்கிறீர்!”

எல்லாப் பெயர்களுக்கும் மேலே, உச்சியில், கனகலிங்கம் என்ற பெயர் இருந்தது. அது அக்காவின் கணவர். அவர் நோர்வேக்கு வந்ததே இல்லை. எண்பதுகளில் அக்காவுக்குப் பள்ளிக்கூட விசா முதலில் கிடைத்தது. “நீர் முன்னுக்குப் போம், நான் பின்னாலை வாறன்” என்று அனுப்பிவைத்தவர், தன் பயண அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்டிருக்கிறார். கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. அக்கா நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு மாறினார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக அந்தப் பெயரைப் பெட்டியில் எழுதினார். இதை அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னவர் அல்ல. கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில்தான் எனக்குச் சொன்னார். கேட்ட எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனது.

ஒருவர் போய்விட்டார் என்ற வசனம் அக்காவின் வாயில் வராது. தொலைபேசியில் யார் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “இப்ப இல்லை.” முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனவனுக்கும் அதுதான் பதில். கனடாவில் குடியுரிமை எடுத்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்று, தலையும் வழுக்கையாகிப்போனவனுக்கும் அதுதான். நோர்வே மொழியில் கேட்டால் நோர்வே மொழியில் அதையே சொல்வார்.

“ஏன் அக்கா பொய் சொல்லுறியள்?”

“எது பொய்? இப்ப இல்லைத்தானே. எங்கை, எங்கையாவது நிக்கிறானோ எண்டு பாரும்.” குனிந்து சோபாவுக்கு அடியில் வேறு எட்டிப் பார்ப்பார்.

வயோதிபர் இல்லத்திலும் இதே கூத்துத்தான். அங்கே ஒரு கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி அவர் திரும்பமாட்டார் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய கேக் துண்டை வெட்டி, சுற்றி, மேலே பெயர் எழுதிய பிளாஸ்டரை ஒட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டே வந்தார். மேலதிகாரி ஏசியும் நிறுத்தவில்லை. பனி கரைகிற காலத்தில் கிழவர் சக்கர நாற்காலியில் வந்து இறங்கி, “என் கேக் எங்கே?” என்று கேட்டாராம். அக்கா இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்தி, “பாத்தீரோ?” என்பார். மிச்சத்தை அவரோடு வேலை செய்தவர்தான் எனக்குச் சொன்னார். கிழவர் அவ்வளவு கேக்கையும் ஒரே இருப்பில் தின்று, அடுத்த நாளே திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இந்தக் குணத்தால் ஒருநாள் வினை வரும் என்று எனக்குத் தெரியும். அது என்னுடைய ரீவியின் தலையில் வந்து விடியும் என்றுதான் தெரியாது.

ரீவி பற்றிச் சொல்லவேண்டும். சுவரில் படம் மாட்டுவதுபோல மாட்டுகிற தட்டைத் தொலைக்காட்சிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. நான் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலையில் இருந்தேன். வேலை நிரந்தரமானதும், முதன்முதல் கிடைத்த விடுமுறைப் பணத்தில், விடுமுறைக்கு எங்கும் போகாமல் அந்த ரீவியை வாங்கினேன். என் அறைக்குள் அது நுழையவில்லை. அக்காவின் ஹோலில் வைத்தோம். அக்கா அதன் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ரசீதை என் கையிலிருந்து வாங்கினார்.

“உதைக் கண்ட இடத்திலை போடாதையும். கவனமா வைக்கவேணும்.”

ரசீதுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, சாமிப்படத்துக்கு முன்னால், தினமும் ஏற்றுகிற விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

இனி, தவகுமார். எனக்கு முன்னால் அந்த அறையில் சில மாதங்கள் இருந்தவன். அவனை நான் கண்டதில்லை. ஆனால் அவன் பெயரில் வந்த கடிதங்களை நாள்தோறும் கண்டேன். யன்னல் வைத்த, கடன் கேட்கிற கொம்பனிகளின் வெள்ளை உறைகள். கடனுக்குக் கார் எடுத்தான், கைத்தொலைபேசி எடுத்தான், தோல் சோபா எடுத்தான். இவ்வளவு சின்ன அறையில் அந்தச் சோபாவை எங்கே வைத்திருப்பான் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் “லண்டனுக்குப் போட்டு வாறன் அக்கா” என்று ஒரு தோள்பையோடு போனவன், அதோடு சரி.

“வாறன் எண்டுதானே சொன்னவன்” என்பார் அக்கா.

“ஆரும் போறன் எண்டு சொல்லுவினமே அக்கா? தமிழன் தூக்குக்குப் போனாலும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவான்.”

“வாயைக் கழுவும்.”

பிறத்தியாரின் கடிதத்தை உடைப்பது களவு என்பது அக்காவின் கொள்கை. ஆகவே யன்னல் உறைகள் எல்லாம் உடைக்காதபடியே ஒரு சோற்றுக்குக்கர் பெட்டிக்குள் போய் அடங்கின. அவற்றை அனுப்பியவர்கள் தொலைபேசியிலும் அழைத்தார்கள். தவகுமார் இருக்கிறாரா என்றார்கள். அக்கா தன் வழக்கமான பதிலைச் சொன்னார். ஆள் அங்கேதான் இருக்கிறான், அழைக்கிற நேரமெல்லாம் வெளியே போய்விடுகிறான் என்று அவர்கள் முடிவெடுத்தால் அது அவர்களுடைய பிழை இல்லை.

ஒரு காலை, கதவு மணி அடித்தது. நெடிய, நரைத்த தாடிக்காரர் ஒருவரும், கையில் பையோடு ஓர் இளம் பெண்ணும் நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கடன் கட்டாதவர்களின் வீட்டுக்கு வந்து சாமான்களைப் பதிகிற அரசாங்க உத்தியோகத்தர்கள். நோர்வேக்காரர் நம்ஸ்மன் என்பார்கள். ஊரில் நாங்கள் பிஸ்கால் என்போம். பெயர் எதுவானாலும் வருகிற அலுவல் ஒன்றுதான்.

“தவகுமார் இங்கேதானே வசிக்கிறார்?”

“இப்போது இல்லை” என்றார் அக்கா. பிறகு அவர்களுடைய காலைப் பார்த்தார். “சப்பாத்து.”

இருவரும் கழற்றினார்கள். நோர்வேக்காரரும் வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கமாட்டார்கள்தான். ஆனால் இது அலுவல் என்பதால் அன்றைக்கு அவர்கள் தயங்கினார்கள். அக்கா தயங்கவில்லை. தாடிக்காரரின் இடது காலுறையில் பெருவிரல் வெளியே வந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா என் காதுக்குள் சொன்னார்:

“பயப்பிடாதையும். சப்பாத்தைக் கழட்டினவன் சாமான் தூக்கமாட்டான்.”

உண்மையில் எனக்கும் கொஞ்சம் பயம் தெளிந்தது.

மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் முன்னால் வந்து நின்றேன். தேவைப்படவில்லை. அக்காவின் நோர்வே மொழி மீன் தொழிற்சாலையில் கற்றது. சுத்தமான வடக்குப் பேச்சு. தாடிக்காரரும் வடக்கத்தியார். அக்கா வாயைத் திறந்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை, அந்த வருடம் கொட் மீன் எப்படி என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். நானும் அந்த இளம் பெண்ணும் எங்களுக்கு விளங்காத ஒரு கிராமத்துக்குத் தவறிப் போனவர்கள் மாதிரி அருகருகே நின்றோம். தேநீர் வந்தது. அக்கா பொரித்த ரோல்ஸ் வந்தது. பிறகு அவர் துண்டால் வாயைத் துடைத்துவிட்டு விசயத்துக்கு வந்தார்.

தவகுமார் இந்த விலாசத்தில்தான் பதிவாகியிருக்கிறார். பெட்டியில் அவருடைய பெயர் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால், இப்போது இல்லை என்கிறீர்கள். ஆகவே இந்த வீட்டில் உள்ள பொருள்கள், வேறொருவருடையவை என்று காட்டாவிட்டால், அவருடையவையாகக் கருதப்படலாம். சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை ஹோலைச் சுற்றி வந்து என்னுடைய ரீவியில் நின்றது. நல்ல ரீவி என்றார்.

“அது என்னுடையது!” எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது.

“ரசீது இருக்கிறதா?”

இருக்கிறதா என்ன! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாமிப்படத்தடிக்குப் போனேன். அங்கே சந்தனப் பொட்டோடு ஒரு கடதாசித் துண்டு சாய்ந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை கன்னங்கரேல் என்று கறுத்திருந்தது. கடைகளில் தருகிற அந்த வழுவழுப்புக் கடதாசிக்குச் சூடு ஆகாது என்று பிறகுதான் அறிந்தேன். மாதக்கணக்காக விளக்குச் சூட்டில் நின்று அது தன் எழுத்தையெல்லாம் கடவுளுக்கே ஒப்படைத்திருந்தது.

தாடிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பொட்டை மோந்தும் பார்த்தார்.

“இரண்டு கிழமையில் திரும்ப வருவோம்” என்றார். போகும்போது அக்காவிடம் இரக்கத்தோடு ஒரு வழி சொன்னார். பெட்டியிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். அவர் குடிபெயர்ந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்த வீட்டுப் பக்கம் நாங்கள் வரமாட்டோம்.

“அவர் குடிபெயரவில்லை. போயிருக்கிறார்.”

“எப்போது வருவார்?”

“சொல்லவில்லை.”

“எப்போது போனார்?”

அக்கா யோசித்து வருடத்தைச் சொன்னார். தாடிக்காரர் எதையும் எழுதாமல் பேனையை மூடினார்.

அவர்கள் போனதும் வீட்டில் சண்டை. கறுத்துப்போன ரசீது பற்றிய ஆத்திரம், தவகுமாரின் சோபா பற்றிய பழைய ஆத்திரம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு துண்டுப் பிளாஸ்டர், அக்கா, ஒரு இழுவை, முடிஞ்சுது விசயம், என்று கத்தினேன். முகம் தெரியாதவன் ஒருவனுக்காக என் ரீவி போகவேண்டுமா? அக்கா எழும்பினார். பிறகு உள்ளே போய், அந்தச் சோற்றுக்குக்கர் பெட்டியை அல்ல, வேறொரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே வெளிர்நீல விமானத்தபால் கடிதங்கள். கிளிநொச்சிப் பக்கமிருந்து தவகுமாரின் தாய் போட்டவை. அப்போது ஊரில் போர் நின்றிருந்த சமாதான காலம். பாதை திறந்து, தபால் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றையும் அக்கா உடைக்கவில்லை.

“அவன் தாய்க்கு வேறை விலாசம் குடுக்கேல்லை. நான் பேரை எடுத்தால் போஸ்ட்காரன் என்ன செய்வான்? ஆளைத் தெரியாது எண்டு அடிச்சுத் திருப்பி விடுவான். பிள்ளைக்குப் போட்ட கடிதம் ஆளைத் தெரியாது எண்டு திரும்பி வந்தால் அந்த மனிசி என்ன நினைக்கும் தம்பி?”

நான் வாயை மூடவில்லை. “அந்த அம்மாவுக்கு நீங்கள்தானே பதில் போடுறியள், என்ன எழுதுறியள்? மகன் சுகமா இருக்கிறான் எண்டோ?”

“அதை நான் எப்பிடி எழுதுறது? எனக்குத் தெரியாதே. உங்கடை கடிதம் வந்து சேர்ந்தது எண்டு எழுதுவன். அது உண்மைதானே.”

“என்ரை ரீவி?”

“ரீவி போனால் வேறை ரீவி வாங்கலாம்” என்றார். வாங்குகிறவன் நான் என்பதால் அவரால் அதைச் சுலபமாகச் சொல்ல முடிந்தது. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் சமைத்ததை மட்டும் சாப்பிட்டேன்.

சொன்னபடி தாடிக்காரரும் பெண்ணும் வந்தார்கள். இம்முறை இருவரும் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றினார்கள். தாடிக்காரர் புதுக் காலுறை போட்டிருந்தார். அக்காவும் ஆயத்தமாக இருந்தார். வீட்டுச் சாமான் தன்னுடையது என்று காட்ட ரசீது எதற்கு என்று அவர் இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டிருந்தார். குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோனார். எவர்சில்வர் சட்டி, பானை, வாளி, தாம்பாளம் எல்லாம் மேசையில் அடுக்கி மினுங்கின. எங்கள் ஆட்கள் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவார்கள் அல்லவா, அதுதான் அக்காவின் அத்தாட்சி.

“வாசிச்சுச் சொல்லும் தம்பி.”

நான் முதற் பாத்திரத்தை எடுத்தேன். பரமேஸ்வரி என்று இருந்தது. அடுத்தது நாகராசா குடும்பம். தாம்பாளத்தில், யாரோ ஒருவரின் பூப்புனித நீராட்டு விழா நினைவாக என்றிருந்தது. பெரிய வாளியில் கோயில் சபை. பிறந்தநாள், சாமத்தியவீடு, திருவிழா என்று இரவல் போய், கழுவுகிற இடத்தில் மாறிப்போய், பத்துப் பதினைந்து வருடத்தில் அக்காவின் சட்டிகள் ஒஸ்லோ முழுக்கப் பரவிவிட்டன. ஒஸ்லோவின் சட்டிகள் அக்காவிடம் வந்து சேர்ந்துவிட்டன. அக்காவின் பெயரில் ஒரு கரண்டிகூட இல்லை.

தாடிக்காரர் ஒவ்வொரு பெயரையும் பொறுமையாகக் கேட்டார். கீழே தபால்பெட்டியையும் பார்த்தவர் அல்லவா. “இவர்களும் இங்கேதான் வசிக்கிறார்களா?”

“இப்போது இல்லை” என்றார் அக்கா.

இளம் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

பிறகு ஹோலுக்கு வந்தோம். தாடிக்காரர் ரீவிக்கு முன்னால் நின்று சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். “இந்த வீட்டில் தவகுமாருக்குச் சொந்தமான பொருள் ஏதாவது இருக்கிறதா?”

“இல்லை!” என்றேன் நான்.

“இருக்கிறது” என்றார் அக்கா.

என் உயிர் போய் வந்தது. அக்கா சாமான் அறைக்குள் போய் ஒரு குளிர் ஜக்கெற்றையும் பந்து விளையாடுகிற சப்பாத்து ஒரு சோடியையும் கொண்டுவந்தார். இரண்டிலும் பிளாஸ்டர், இரண்டிலும் பெயர். ஜக்கெற்றுக்குப் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். திரும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்துவந்தார். அது தவகுமாரின் தாய் வறுத்து இடித்து, ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள். அந்த வீட்டில் நான் இருந்த காலமெல்லாம் அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ஒருமுறை வீட்டில் தூள் முடிந்தபோது, அக்கா அந்தப் பொதியைத் தாண்டிக் கையை விட்டுச் சீரகத்தை எடுத்துச் சமைத்தாரே தவிர அதைப் பிரிக்கவில்லை.

“இது என்ன?” தாடிக்காரர் பொதியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் எச்சரிப்பதற்குள் காரியம் நடந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அப்படித் தும்மி நான் முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. அக்கா தண்ணீர் கொடுத்து, உச்சியில் தட்டியும் விட்டார்.

கண்ணில் நீர் வழிய அவர் சோபாவில் உட்கார்ந்தார். ஜக்கெற்றைப் பார்த்தார், பிளாஸ்டரைப் பார்த்தார், என்னுடைய ரீவியைப் பார்த்தார். பிறகு பெண்ணிடம் எழுதச் சொன்னார். கடன்காரருடைய பொருள்கள் வேறாக, பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றையே எடுத்துக் காட்டுகிறவர் மற்றதை ஒளிக்கமாட்டார். ஆகவே வீட்டிலுள்ள மீதிப் பொருள்கள் எதுவும் அவருடையவை அல்ல.

என் ரீவி பிழைத்தது. எனக்கு அக்காவின் காலில் விழலாம் போல இருந்தது. அதேநேரம் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

ஆனால் அக்காவின் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. முடிவாக என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். தாடிக்காரர் வாசித்தார்: பறிமுதல் செய்யக்கூடிய சொத்து ஒன்றும் இல்லை.

“ஒன்றும் இல்லையா?” அக்கா ஜக்கெற்றைத் தூக்கினார். “இது என்ன?”

அது பழையது, விலை போகாது என்றார் அவர். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. கோபத்தில் நோர்வே மொழியை விட்டுவிட்டு என்னிடம் தமிழில் கத்தினார்.

“ஒண்டும் இல்லாதவன் எண்டு எழுதவேண்டாம் எண்டு சொல்லும் தம்பி! ஒரு தாய் பெத்த பிள்ளையை ஒண்டும் இல்லாதவன் எண்டு எழுதுறதோ? அதுவும் என்ரை வீட்டிலை இருந்துகொண்டு, என்ரை ரோல்ஸைத் திண்டுபோட்டு?”

ரோல்ஸை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். எழுதினால் அதைக் கொண்டுபோக வேண்டிவரும் என்று தாடிக்காரர் விளக்கினார். கொண்டுபோகக்கூடாது, ஆனால் எழுதவேண்டும் என்றார் அக்கா. கடன் அறவிட வந்தவரிடம், கடன்காரனுக்குச் சொத்து இருக்கிறது என்று எழுதச் சொல்லிச் சண்டைபிடித்த முதல் ஆள் அக்காவாகத்தான் இருக்கும். கடைசியில் தாடிக்காரர் பெண்ணிடமிருந்து பேனையை வாங்கி, அடியில் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: குளிர் ஜக்கெற் ஒன்று, நல்ல நிலையில், பாதுகாப்பாக இருக்கிறது. அதற்கு மேலே, ஆள் நேரில் காணப்படவில்லை என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

“காணப்படவில்லை எண்டால் என்ன?”

“இப்ப இல்லை எண்டதுதான் அக்கா.”

“அதைத்தானே நான் அண்டைக்கே சொன்னனான்” என்று சொல்லி, அவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ரோல்ஸ் கட்டத் தொடங்கினார்.

பெயர் பெட்டியிலேயே இருந்தது.

பிறகு எனக்குக் கலியாணமாகி மோர்டென்ஸ்ருட்டில் ஒரு சின்ன வரிசைவீட்டுக்குப் போனேன். ரீவியும் என்னோடு வந்தது. ஊரில் பாதை பூட்டி, சண்டை திரும்பத் தொடங்கியது. வெளிர்நீலக் கடிதங்கள் குறைந்து, நின்றுபோயின. வன்னியில் பிறகு என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. போர் முடிந்த அந்த வருடம் அக்கா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, மேலே ஏறுவதற்கு முன் பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

அடுத்தமுறை நான் போனபோது பெட்டிகள் எல்லாம் மாறியிருந்தன. கட்டட நிர்வாகம் பழையவற்றைக் கழற்றிவிட்டுப் புதுசு பூட்டியிருந்தது. ஒரே மாதிரியான தகடு, ஒரு தகட்டில் இரண்டு வரிதான், பிளாஸ்டர் ஒட்டத் தடை. அக்காவின் பெட்டியைத் தேடினேன். முதல் வரி கனகலிங்கம். இரண்டாம் வரி தவகுமார்.

மேலே ஏறி, மூச்சு வாங்கியபடி கேட்டேன். “உங்கடை பேர் எங்கை அக்கா?”

“எனக்கென்னத்துக்கு? நான் இஞ்சைதானே இருக்கிறன்.”

“உங்கடை கடிதமெல்லாம் எப்பிடி வரும்?”

“அதுதான் உம்மைக் கேக்க இருந்தனான். உம்மடை பெட்டியிலை இடம் கிடக்கோ? உம்மடை விலாசத்தைக் குடுக்கட்டே?” சொல்லிக்கொண்டே தலையைச் சொறிந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்படித்தான் குரோருட்டில் இருந்த அக்காவின் கடிதங்கள், நகரத்தின் மற்றக் கரையில் இருந்த என் வீட்டுக்கு வரத் தொடங்கின. கிழமைக்கு ஒருமுறை ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போகிற நாளெல்லாம் சாப்பாடு கிடைத்தபடியால் அதைப் பெரிய சேவை என்று சொல்லமுடியாது.

அடுத்த பனிக்காலத்தில் அக்கா இறந்துபோனார். சின்ன வருத்தம், காய்ச்சல்தான் என்று படுத்தவர் எழும்பவில்லை. அவ்வளவு அழுகை எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீடு கைமாறியது. புது ஆட்கள் தங்கள் பெயரைப் போடுவதற்கு முதல்நாள் போய் அந்தத் தகட்டைக் கழற்றிக்கொண்டுவந்தேன். இப்போது என் பெட்டியில் அந்த இரண்டு பெயர்களும் அக்காவின் பெயரும் இருக்கின்றன. என்னுடையது கீழே, குனிந்து பார்த்தால் தெரியும். பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தலையில் மட்டும் அடித்துக்கொண்டாள்.

சில மாதங்களில் அக்காவின் பெயருக்கு யன்னல் வைத்த உறை ஒன்று வந்தது. தொலைபேசிக் கட்டணமோ என்னவோ, நான் உடைக்கவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி மணி அடித்தது. கடன் அறவிடுகிற கொம்பனியிலிருந்து ஓர் இளம் குரல், அக்காவின் முழுப்பெயரையும் தட்டுத் தடுமாறி வாசித்து, அவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டது.

சொல்லவேண்டியது எனக்குத் தெரியும். அதற்கு நோர்வே மொழியில் நல்ல சொற்களும் தெரியும். வாயைத் திறந்தேன்.

“இப்போது இல்லை” என்றேன்.

நன்றி, பிறகு எடுக்கிறேன் என்று அந்தக் குரல் வைத்துவிட்டது. மனைவி சோற்றுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கென்ன விசரே? செத்த மனிசியை இப்ப இல்லை எண்டு ஆராவது சொல்லுவினமே? நாளைக்கு வீட்டுக்கு வந்து நிக்கப்போறாங்கள்.”

வரட்டும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொல்லுவேன்.